ஆகாயத்தாமரையை அரிக்கும் கூன்வண்டு நெல்லுக்கு வருமா?

'எங்கள் ஏரி முழுக்க ஆகாயத்தாமரை. அதன் இலைகளைச் சாம்பல் நிறக் கூன்வண்டுகள் அரிக்கின்றன. பக்கத்து வயலில் நெல்லும் கீரையும் இருக்கின்றன. பரவுவதற்குள் மருந்து தெளித்துவிடலாமா?' என்று நூம்பலில் இருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

தெளிக்காதீர்கள். அந்த வண்டு உங்களுக்குக் கூலி கேட்காமல் வேலை செய்யும் ஆள். மருந்தால் அதுவும் சாகும், மீனும் சாகும். களை மட்டும் செழிக்கும்.

நாம் பேச்சுவழக்கில் ஆகாயத்தாமரை என்பது பெரும்பாலும் வெங்காயத்தாமரையைத்தான். காம்பு உப்பி, ஊதா நிறத்தில் பூக்கும். தென் அமெரிக்காவில் இருந்து வந்த இந்தச் செடிக்கு இங்கே எதிரி இல்லை. அதனால், 1980-களின் தொடக்கத்தில் பெங்களூரு விஞ்ஞானிகள் அதே மண்ணைச் சேர்ந்த நியோகெட்டினா கூன்வண்டுகளை வரவழைத்தார்கள். பயிர்களைத் தின்கிறதா என்று அடைத்துவைத்துச் சோதித்த பிறகே ஏரிகளில் விட்டார்கள். நெல்லையும் கீரையையும் அது தேடி வராது. பெங்களூரு ஏரிகள் சிலவற்றில் சில ஆண்டுகளிலேயே பெரும்பகுதி களை ஒழிந்தது.

வண்டு சுமார் 5 மி.மீ. நீளம் இருக்கும். பகலில் குருத்து மடிப்பில் ஒளிந்துகொண்டு, இரவில் இலையின் மேல்தோலைச் சிறு சதுரங்களாகச் சுரண்டும். உண்மையான சேதம் புழுவால்தான். காம்புக்குள் துளைத்துக்கொண்டு குருத்து வரை போகும். பிறகு நீருக்குள் வேரில் கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகும். துளைபட்ட காம்பில் நீர் புகுந்து அழுகும். செடி குறுகி, பூ குறைந்து, கடைசியில் மூழ்கும்.

ஆனால், சென்னைப் புறநகரில் வண்டை மட்டும் நம்பி உட்கார முடியாது. ஒரு தலைமுறைக்கு அதற்கு இரண்டு, மூன்று மாதங்கள் பிடிக்கும். கழிவுநீர் சேரும் ஏரியில் செடியோ இரண்டே வாரங்களில் இரட்டிப்பாகும்! எனவே, ஆள் வைத்தோ இயந்திரத்தாலோ அள்ளத்தான் வேண்டும். அங்கேதான் தவறு நடக்கிறது. ஏரியை ஒரேயடியாக வழித்துக் கரையில் குவித்தால், காம்பிலும் வேரிலும் இருக்கும் புழுக்களும் காய்ந்துபோகும். சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் விதைகள், எதிரி இல்லாத ஏரியில் மறுபடி முளைக்கும்.

அரிப்பு அதிகம் தெரியும் ஒரு மூலையை மட்டும் விட்டுவையுங்கள். காற்றில் நகராதபடி மூங்கிலும் கயிறும் கட்டி மறியுங்கள். மீதியைப் பூக்கும் முன்பே அள்ளுங்கள். கழிவுநீரில் வளர்ந்த செடி கன உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும். அதை மட்கவைத்துக் கீரைப் பாத்திக்குப் போட வேண்டாம்.

கீரையிலேயே ஓட்டை விழுந்திருந்தால், அது வேறு பூச்சி. பூச்சியோடு சேர்த்து இலையைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்.