உஷார்! கீழிமைக்கு உள்ளே மை தீட்டுகிறீர்களா?

கண்ணாடி முன் நின்று, விரலால் கீழ் இமையை இழுத்துப் பிடித்து, அந்த ஈரமான இளஞ்சிவப்பு விளிம்பில் காஜல் பென்சிலை வைக்கப் போகிறீர்களா? கையை நிறுத்துங்கள்!

இமை முடிகளுக்கு உட்புறம், அந்த விளிம்பில்தான் ஊசிமுனைத் துளைகள் வரிசையாக இருக்கின்றன. அவை மைபோமியன் சுரப்பிகளின் வாய்கள். கீழ் இமையில் மட்டும் 20 முதல் 30 வரை உண்டு. கண் சிமிட்டும்போதெல்லாம் இவற்றிலிருந்து கசியும் எண்ணெய்தான் கண்ணீர் சீக்கிரம் காய்ந்துபோகாமல் காக்கிறது. அதன்மேல் மெழுகும் நிறத்தூளும் கலந்த மையைத் தினமும் அப்பி, துடைக்காமலே தூங்கினால் துளைகள் அடைபடலாம். பிறகு உறுத்தல், எரிச்சல், கண் வறட்சி, இமையில் கட்டி என்று அவதிதான்.

தீட்டிய மை அங்கேயே நிற்பதும் இல்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. முடிக்கு வெளியே தீட்டியதைவிட உள்ளே தீட்டியபோது, ஐந்தே நிமிடத்தில் 15 முதல் 30 சதவீதம் அதிகமான துகள்கள் கண்ணீர்ப் படலத்தில் கலந்திருந்தன. சாயங்காலம் கண்ணின் மூக்கோரத்தில் கருப்பாகத் திரண்டு நிற்குமே, அந்தப் பிசுக்கு கண்ணுக்குள் சுற்றிவிட்டு வந்த மைதான்! காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கு அது லென்ஸிலும் படியும்.

கல்யாண வீட்டில் ஒரே பென்சில் மணப்பெண், தங்கை, அத்தை மகள் என்று கைமாறுகிறதே, அதையும் உடனே நிறுத்துங்கள். ஒருவர் கண்ணின் கிருமி அடுத்தவர் கண்ணுக்குப் போக அது போதும். கடையில் எல்லோரும் தொட்டுப் பார்க்கும் டெஸ்டரும் வேண்டாம். தயாரிப்பு விவரமே இல்லாத சுர்மா என்னும் கண்மைப் பொடியைத் தொடவே தொடாதீர்கள். சில சுர்மாக்களில் ஈயம் இருப்பது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. பச்சைக் குழந்தையின் கண்ணில் தீட்டினால் அந்த ஈயம் உடம்பில் சேர்ந்து மூளை வளர்ச்சியையே பாதிக்கலாம்.

மை தீட்ட ஆசையா? முடிக்கு வெளியே, தோலின் மேல் தீட்டுங்கள். ஓடும் பஸ்ஸில் தீட்டாதீர்கள். ஒரு குலுக்கலில் பென்சில் முனை கருவிழியைக் கீறிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பென்சிலை மாற்றுங்கள். லென்ஸைப் போட்ட பிறகு மை. லென்ஸைக் கழற்றிய பிறகு மையைத் துடைப்பது. கண் சிவந்தாலோ வலித்தாலோ பார்வை மங்கினாலோ, கைவைத்தியம் பார்க்காமல் கண் மருத்துவரிடம் ஓடுங்கள்.

இன்றிரவு எவ்வளவு அசதியாக இருந்தாலும் சரி, மையைத் துடைத்துவிட்டே படுங்கள்!