பழைய தேக்கு மேசைக்குப் புது நாற்காலி: எந்த மரம் பொருந்தும்?

அம்மா வீட்டுத் தேக்கு மேசை இப்போ உங்க வீவக வீட்டில். நாற்காலி மட்டும் புதுசா வேணும். எதைப் பார்த்து வாங்குவது?

தேக்குக்குத் தேக்கு போதுமா?
போதாது. புதுத் தேக்கின் நிறம் வேறு. வெளிச்சம் படப்பட அது பொன்பழுப்பாக மாறும். வால்நட் மரமோ நாளடைவில் வெளுக்கும்.

ரப்பர் மரம் சரிவருமா?
மலேசியாவில் செய்யப்படும் நாற்காலிகள் பல ரப்பர் மரம்தான். இயல்பில் வெளிர் நிறம். சாயம் ஏற்றினால் நிறம் நெருங்கி வரும். மரத்தின் வரிகள் மாறாது.

எப்படித் தேர்ந்தெடுப்பது?
கடையில் மாதிரித் துண்டு கேளுங்க. மேசைமேல் வச்சு, பகலிலும் இரவு விளக்கிலும் பாருங்க. மேசையின் சாயல் மஞ்சளா, செம்மையா? அது ஒத்துப்போனால், நாற்காலி கொஞ்சம் கருமையாக இருந்தாலும் உறுத்தாது.

எதுவுமே ஒத்துவரலையா? கறுப்பு நாற்காலி வாங்குங்க. மேசையைத் தூக்கிப் போட வேண்டாம்.