முதுமையும் ஓட்டமும்

அமெரிக்க வீராங்கனை ஜோன் பெனாய்ட் சாமுவேல்சன் 1979இல், தம் 21ஆம் வயதில், பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தை 2 மணி 35 நிமிடத்தில் ஓடி வென்றார். 2019இல், 61 வயதில், அதே போட்டியை 3 மணி 4 நிமிடத்தில் நிறைவு செய்தார். நாற்பது ஆண்டுகளில் அவர் இழந்தது அரை மணி நேரத்திற்கும் குறைவே.

வயது ஏற ஏற இதயத்தின் உச்சத் துடிப்பு குறைகிறது. விரைந்து சுருங்கும் தசை இழைகள் மெலிகின்றன. இவை இருபாலர்க்கும் பொது. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் மெல்லக் குறைகிறது. பெண்களுக்கோ மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் விரைந்து குறைவதால் எலும்பு வலுவிழக்கிறது.

ஆயினும், நாம் முதுமையின் கணக்கில் எழுதும் தளர்ச்சியில் ஒரு பகுதி, பயிற்சியைக் கைவிட்டதன் விளைவே. பளுப் பயிற்சி எழுபதைக் கடந்தோர்க்கும் வலிமை தருகிறது. 'இந்த வயதில் எதற்கு?' என்று நம் அன்னையரைத் தடுக்கும்போது, அத்தளர்ச்சியை நாமே விரைவுபடுத்துகிறோம்.