ஊசுடு ஏரியின் குளிர்ச்சி எதுவரை வரும்?

மே மாதத்தில் புதுச்சேரிக்காரர்கள் எல்லோரும் கடற்காற்றுக்குக் காத்திருப்போம். அது உள்ளே வரும்வரை மேற்கேயிருந்து அனல்தான் வீசும். இந்த மேல்காற்று வரும் திசையில், நகரத்துக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தள்ளி, ஊசுடு ஏரி இருக்கிறது. புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் பாதிப் பாதியாக, சுமார் 800 ஹெக்டேர். நம் பக்கத்துப் பகுதி 2008இல் பறவைகள் சரணாலயமானது. இத்தனை பெரிய ஏரியைத் தாண்டி வரும் காற்று ஏன் நமக்குக் குளிர்ச்சியாக வந்து சேர்வதில்லை? டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம்.

டீ மாஸ்டர் கையைத் தூக்கி ஆற்றுவதைப் பாருங்கள். டீயை நீளமாக இழுக்கும்போது காற்றுப் படும் பரப்பு கூடுகிறது. ஆவி கூடுதலாகப் போகிறது. போகிற ஆவி சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஏரியோரத்துச் சம்பும் கோரையும் செய்வது இதைத்தான். ஒரு சதுர அடி சேற்றில் நிற்கும் சம்பின் தாள்களைப் பிரித்து விரித்தால் பல சதுர அடி வரும். தாள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். வேர் சேற்றிலிருந்து நீரை உறிஞ்ச, துளைகள் அதை ஆவியாக வெளியே விடுகின்றன.

ஆவியாவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதைத்தான் நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். 30 டிகிரியில் இருக்கும் 1 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஆகும் வெப்பத்தைப்போல ஏறக்குறைய 8 மடங்கு, அதே தண்ணீர் முழுதும் ஆவியாகிப் போகத் தேவை. நல்ல வெயில் நாளில் ஈர நிலத்திலிருந்து 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாவது சாதாரணம். 1 ஹெக்டேருக்கு அது 50,000 லிட்டர். ஒன்றரை டன் ஏசிகள் 250க்கு மேல் இரவு பகலாக ஓடினால் இழுக்கும் வெப்பம் அது! ஏசியோ அறையில் எடுத்த வெப்பத்தைத் தெருவில் கொட்டுகிறது. நீராவி தன் வெப்பத்தை உயரே கொண்டுபோய், மேகமாகக் குளிரும்போதுதான் விடுகிறது.

வெறும் தண்ணீர் இதைச் செய்யாதா என்று கேட்பீர்கள். செய்யும். ஆனால் தண்ணீர் வெயிலில் பெரும்பகுதியை உள்ளே வாங்கிச் சேமித்தும் வைக்கிறது. இரவில் அதைத் திருப்பித் தருகிறது. அதனால் திறந்த நீர்ப்பரப்பு பகலில் குளிர்ச்சி, இரவில் கொஞ்சம் வெதுவெதுப்பு. புல்வெளி அப்படிச் சேமிப்பதில்லை. மெல்லிய தாள்கள் பொழுது சாய்ந்ததும் வானத்தை நோக்கி வெப்பத்தை விட்டுவிட்டு விறுவிறுவென்று குளிர்ந்துவிடும். நள்ளிரவுவரை சூட்டைக் கக்கும் நம் மொட்டை மாடிகளுக்குப் பக்கத்தில் ஒரு புல்தரை இருப்பது எவ்வளவு பெரிய உதவி!

இதில் ஒரு சிக்கல் உண்டு. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். சித்திரை வருவதற்குள் ஏரிகளில் தண்ணீர் உள்வாங்கிவிடும். கரையிலிருந்து நடுவை நோக்கி அருகும் கோரையும் படரும், மாடுகள் மேயும். நீர்நிலையாக இருந்ததே மேய்ச்சல் நிலமாகும். அடிமண்ணில் ஈரம் இருக்கும்வரை அந்தப் பசும்புல் தன் வேலையைச் செய்யும். ஈரம் வற்றினால் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். பிறகு காய்ந்த புல்லுக்கும் வெறுந்தரைக்கும் பகல் சூட்டில் பெரிய வித்தியாசம் இருக்காது. குளிர்ச்சி மிகவும் தேவைப்படும் மாதத்தில்தான் இப்படி ஆகிறது.

செயற்கைக்கோள் படங்களில் ஏரி நீலமாகவும் நகரம் சிவப்பாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை காட்டுவது தரையின் மேற்பரப்புச் சூட்டை. நாம் நிற்கும் உயரத்தில் காற்றின் வெப்பநிலை அவ்வளவு வேறுபடாது. காற்று ஓயாமல் கலந்துகொண்டே இருப்பதுதான் காரணம். ஏரியோரத்தில் கிடைத்த குளிர்ச்சி சில நூறு மீட்டர் வரும்; பெரிய ஏரி என்றால் இன்னும் கொஞ்சம். அப்புறம் சாலைகளும் கூரைகளும் அந்தக் காற்றை மறுபடி சூடாக்கிவிடும். 10 கிலோமீட்டர் தாண்டி வருவதற்கு வழியே இல்லை. கூடவே ஈரப்பதமும் ஏறும் என்பதையும் மறைக்கக் கூடாது: காற்று வீசாத நாளில் ஏரிக்கரை வீட்டிலும் புழுக்கம் தாங்காது.

ஆகவே ஊசுடு தன் கரையைச் சுற்றியுள்ள ஊர்களைத்தான் குளிர்விக்கும். முதலியார்பேட்டைப் பக்கத்தவர்களுக்கு வேல்ராம்பட்டு ஏரி. கதிர்காமத்துக்குக் கனகன் ஏரி. தெற்கே பாகூருக்கு அதன் பெரிய ஏரி. புதுச்சேரி வட்டாரத்தில் ஏரிகள் 84 என்று கணக்குச் சொல்வார்கள். அவை சிதறிக் கிடப்பதுதான் நமக்கு அனுகூலம். வீட்டுக்கு அருகில் இருக்கும் சிறிய ஏரி, தூரத்துப் பெரிய ஏரியைவிட நம் சூட்டைக் கூடுதலாகத் தணிக்கும். ஒன்றைத் தூர்த்துவிட்டு, ஊசுடு இருக்கிறதே என்று ஆறுதல் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஏரியை அழகுபடுத்தும் திட்டம் எதைப் பார்த்தாலும் எனக்குக் கவலை கரையைப் பற்றித்தான். கரையோரத்துக் கோரையை மழித்துவிட்டு, கல் பதித்து நடைபாதை போட்டால் பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் வேலை செய்துகொண்டிருந்த தாள்கள் போய், வெயிலைச் சேமிக்கும் கல் அந்த இடத்துக்கு வந்துவிடும். நடைபாதையைக் கரை மேட்டில் மரநிழலில் மண் பாதையாகப் போடுங்கள், தண்ணீரும் தரையும் சேரும் சரிவைப் புல்லுக்கும் கோரைக்கும் விடுங்கள் என்று கேட்போம். வரத்து வாய்க்காலையும் தூர் வாரச் சொல்வோம். கார்த்திகையில் ஏரி நிரம்பினால்தான் சித்திரையில் அந்தப் புல்லின் வேருக்கு ஈரம் கிடைக்கும்.