பெங்களூர் நுரை: அன்றும் இன்றும்

"ஸ்ட்ராங்கா, மைல்டா?" பெங்களூர் பார்களில் பீர் கேட்டால் ஒருகாலத்தில் திரும்பி வரும் கேள்வி இது ஒன்றுதான். இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும், ஜில்லென்று எது இருக்கிறதோ அது மேசைக்கு வந்துவிடும். லேபிளைப் படிப்பவர் குறைவு. பாட்டிலைத் தொட்டுப் பார்ப்பவர்தான் அதிகம். டாஸ்மாக் கவுன்டரில் கம்பிக்குள் கைவிட்டு, கொடுத்ததை வாங்கிப் பழகிய நமக்கு இது புரியாத விஷயமில்லை.

இன்று அதே ஊரில் இந்திராநகர் நூறடி சாலையிலோ ஒயிட்ஃபீல்டிலோ போய் உட்கார்ந்தால், மரப்பலகையில் ஐந்தாறு சின்னக் கிளாஸ்களை வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஒன்று வைக்கோல் நிறம், ஒன்று கலங்கிய மஞ்சள், ஒன்று செம்பு, கடைசியில் ஒன்று டிகாஷன் போலக் கறுப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடித்துப் பார்த்து, பிடித்தது எதுவென்று சொன்னால் அது பெரிய கிளாஸில் வரும். ரசனை மாறிவிட்டது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ரசனை எங்கேயும் தானாக மாறுவதில்லை. இங்கே முதலில் மாறியது சட்டம், அடுத்தது சம்பளம். அதற்குப் பிறகுதான் நாக்கு.

இந்த ஊருக்குப் பீர் பட்டாளத்தோடு வந்தது. 1809ல் ஆங்கிலேயர் அல்சூர்ப் பக்கம் கன்டோன்மென்ட் அமைத்தார்கள். சிப்பாய்களின் தாகத்துக்குக் கப்பல் சரக்கை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதால் நீலகிரியிலும் பெங்களூரிலும் சின்னச் சின்ன வடிப்பாலைகள் முளைத்தன. 1915ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவில் இருந்த அப்படிப்பட்ட ஐந்து ஆலைகளை ஒன்றாக்கினார். அதுதான் யுனைடெட் புரூவரீஸ். பெரிய பெரிய பீப்பாய்களில் நிரப்பி, மாட்டுவண்டியில் ஏற்றி, பெங்களூரிலும் சென்னையிலும் இருந்த பட்டாளங்களுக்கு அனுப்பினார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அதில் பங்கு கிடையாது. அவர்களுக்குக் கள்ளும் சாராயமும். 1947ல் விட்டல் மல்லையா அந்தக் கம்பெனியின் முதல் இந்திய இயக்குநர் ஆனார், அடுத்த வருஷமே தலைவர். பழைய லேபிள்களில் ஒன்றான கிங்ஃபிஷரை அவர் மகன் விஜய் மல்லையா 1978ல் தூசி தட்டி எடுத்த பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். நகரத்தின் நடுவில் இருந்த பழைய வடிப்பாலை போய், அந்த இடத்தில் யூபி சிட்டி என்ற ஆடம்பர வணிக வளாகம் நிற்கிறது. ஒருகாலத்தில் மால்ட் வெந்த வாசனையடித்த தெருவில் இப்போது வெளிநாட்டுக் கைப்பை விற்கிறார்கள்.

எண்பதுகளின் கடைசியில் பெங்களூருக்கு 'பப் சிட்டி' என்று பெயர் வந்தது. பீர்க் கம்பெனி இருந்ததே இந்த ஊரில்தான். பீப்பாயில் வரும் டிராட் பீரைப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்புவது சுலபம். கல்லூரிகள் நிறைய, பொதுத்துறைத் தொழிற்சாலைகளும் நிறைய. மின்விசிறியே வேண்டாத சாயங்காலம் வேறு. ரெஸ்ட் ஹவுஸ் ரோட்டில் பீகோஸ் 1989ல் திறந்தது. சர்ச் ஸ்ட்ரீட்டில் நாஸா என்ற பப்பை விண்வெளி ஓடம் மாதிரியே கட்டியிருந்தார்கள். ஜாடியில் பீர் வரும், கூடவே ஒரு தட்டு வேர்க்கடலை. ஸ்பீக்கரில் எழுபதுகளின் ராக் பாட்டு. பெண்களும் தோழிகளோடு வந்து உட்காரலாம் என்ற நிலை தென்னிந்தியாவில் முதலில் உருவானது இந்த பப்களில்தான் என்பது என் கணிப்பு.

அங்கே கிடைத்தது ஒரே ருசிதான். பேரும் லேபிளும் மாறும். உள்ளே இருப்பது மெலிந்த, பளிச்சென்ற, வெளிர்மஞ்சள் லாகர். அரிசியோ மக்காச்சோளமோ சேர்த்து உடம்பை இலேசாக்கி, பாட்டிலில் அடைத்த பிறகு சூடுகாட்டிக் கிருமி நீக்கி, லாரியில் வெயிலில் போனாலும் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும்படி செய்தது. அதைக் குறை சொல்லத் தோன்றவில்லை; தார் ரோட்டு வெயிலைத் தாங்கும் பீர் வேறு எப்படி இருக்க முடியும்? சிறிய ஆலை தொடங்கலாம் என்றால் சட்டத்தில் இடமில்லை. மாநிலத்துக்கு மாநிலம் கலால் விதி வேறு, எல்லை தாண்டினால் வரி. பெரிய முதல் உள்ளவர் மட்டுமே வடிக்கலாம், அவர் எல்லோருக்கும் பிடிப்பதைத்தான் வடிப்பார். வித்தியாசம் வேண்டும் என்றவர்களுக்குக் கிடைத்த ஒரே வித்தியாசம் போதை. அதனால்தான் இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பகுதி இன்றைக்கும் ஸ்ட்ராங்.

2007 ஜூலை 1ம் தேதி கர்நாடகத்தில் சாராயத்துக்குத் தடை வந்தது. பிளாஸ்டிக் பாக்கெட்டில் கூலிக்காரர் வாங்கிய சரக்கு அன்றோடு போயிற்று. அடுத்த மூன்று நான்கு வருஷத்தில் அதே அரசு, உணவகத்துக்குள்ளேயே பீர் வடித்து அங்கேயே விற்கலாம் என்று உரிமம் கொடுக்கத் தொடங்கியது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் யாருடைய கிளாஸுக்கு எந்தச் சட்டம் என்பது விளங்கும். புனேயில் டூலாலி 2009லேயே தொடங்கிவிட்டது. பெங்களூரில் இந்திராநகரில் டாய்ட், விட்டல் மல்லையா ரோட்டில் பியர் கிளப், பின்னால் அமெரிக்காவின் மிச்சிகனிலிருந்து பேரையும் செய்முறையையும் கொண்டுவந்த ஆர்பர், ஒயிட்ஃபீல்டில் ஜாஸ் கச்சேரியும் புத்தக அலமாரியுமாக விண்ட்மில்ஸ் என்று அடுத்தடுத்து வந்தன. இன்று எண்ணிக்கை எழுபதைத் தாண்டிவிட்டது. முன்பு பீர் எங்கே தயாரானது என்று குடித்தவருக்குத் தெரியாது. இப்போது மேசைக்கு எதிரே கண்ணாடிக்குப் பின்னால் தொட்டிகள் நிற்கின்றன. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் குழாயை மாட்டிக்கொண்டிருக்கிறார்.

அவர் செய்வதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். காலையில் மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியையோ கோதுமையையோ, உடைத்து வெந்நீரில் ஊறவைக்கிறார். 65 டிகிரிப் பக்கம் ஒரு மணி நேரம் நின்றால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. அந்த நேரத்தில் இடமெல்லாம் சத்துமாவுக் கஞ்சி வாசனை. தெளிவை இறுத்து, ஹாப்ஸ் பூவைப் போட்டு ஒரு மணி நேரத்துக்குமேல் கொதிக்கவிட்டு, குளிர வைத்து ஈஸ்ட்டைச் சேர்க்கிறார். கசப்பு ஹாப்ஸிலிருந்து வருகிறது. எஞ்சிய சக்கை சாக்குகளில் கட்டப்பட்டு நகரத்துக்கு வெளியே மாடுகளுக்குப் போகிறது. லாகர் என்றால் பத்து டிகிரியை ஒட்டிய குளிரில் புளித்து, வாரக்கணக்கில் அடங்கிக் கிடக்க வேண்டும். ஏல் வகைகளும் கோதுமை பீரும் இருபது டிகிரியில் வேகமாகப் புளித்து இரண்டு மூன்று வாரத்தில் கிளாஸுக்கு வந்துவிடும். நான்கைந்து தொட்டி மட்டுமே உள்ளவர் எதை வடிப்பார்? பெங்களூர்ப் பலகைகளில் ஏலும் கோதுமையும் நிறைந்திருப்பதற்குப் பாதிக் காரணம் இந்தத் தொட்டிக் கணக்கு.

அல்சூரில் இருக்கும் என் சித்தப்பா பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பப் காலத்து ஆள். ஜெர்மன் பாணிக் கோதுமை பீரை முதல் முறை முகர்ந்தவர் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டார். "ஏன்டா, வாழைப்பழ வாசனை வருது? ஊசிப்போச்சா?" சப்ளையர் பையன் சொன்னதைக் கேட்காமல், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவரையே கூப்பிட்டுவிட்டார். அவரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார், தர்மபுரிக்காரர். "பழம் எதுவும் போடலைங்க ஐயா. அந்த ஈஸ்ட்டே அப்படித்தான் வாசனை கொடுக்கும். கூடவே கிராம்பு வாடை வருதா பாருங்க." சித்தப்பா மறுபடி முகர்ந்தார். வந்தது. நன்றாகக் கனிந்த ஏலக்கி வாழையும், அதன் பின்னாலேயே ஒரு கிராம்பும். மேலே விரல்கடை உயரத்துக்கு வெள்ளை நுரை, கீழே வடிகட்டாததால் கலங்கிய மஞ்சள். சித்தப்பா கிளாஸைத் திரும்ப இழுத்துக்கொண்டார். வடித்தவரையே கூப்பிட்டு 'இது ஏன் இப்படி' என்று கேட்பது பாட்டில் காலத்தில் நடக்காத காரியம். கைவினை பீர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு மெய்யாகப் படுவது இந்த ஒரு விஷயம்தான்.

மற்ற பெருமைகளைக் கொஞ்சம் தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 'உள்ளூர்' என்ற பேச்சு அதிகம். டாய்ட்டில் பாஸ்மதி அரிசி போட்ட பீர் உண்டு. மாம்பழ சீசனில் மாம்பழ பீர் பல இடங்களில் வருகிறது. குடகுக் காப்பி போட்ட ஸ்டவுட், ராகி, வெல்லம், கோகம் என்று முயன்று பார்க்கிறார்கள். ராகி எனக்குப் பிடித்தது. பழத்தில் முக்கால்வாசி ஜூஸ் கடை விவகாரம். ஆனால் அடிப்படைச் சாமான்களைப் பாருங்கள்: நல்ல மால்ட் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் வருகிறது. ஹாப்ஸ் ஜெர்மனியிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ. இமாசலத்தில் லாஹோல் பக்கம் கொஞ்சம் விளைகிறது, ஊருக்கெல்லாம் போதாது.

தண்ணீர் உள்ளூர் என்று சொல்லலாமா? அதுவும் கஷ்டம். காவிரி நீர் 1974ல் பெங்களூருக்கு வந்தது. சுமார் 100 கிலோமீட்டர் தூரம், 500 மீட்டர் உயரம் பம்பு வைத்து ஏற்றித்தான் வருகிறது. அது போதாமல் போர்வெல், டேங்கர். வந்த நீரை ஆர்ஓவில் வெறுமையாக்கி, எந்த பீருக்கு எந்த உப்பு வேண்டுமோ அளந்து சேர்க்கிறார்கள். ஒரு லிட்டர் பீருக்கு, கழுவும் நீரையும் சேர்த்தால், நான்கைந்து லிட்டராவது செலவு. 2024 கோடையில் குடியிருப்புகளே டேங்கருக்கு அலைந்தபோது வடிப்பவர்களும் நெருக்கடியில்தான் இருந்தார்கள். மேட்டூரைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு இது வெறும் தொழில் செய்தி இல்லை, இருந்தாலும் காவிரி வழக்கில் பீரைக் குற்றவாளியாக்குவது சிரிப்புக்கு இடம்.

வடித்த இடத்தில்தான் விற்க வேண்டும் என்ற விதியின் வலி 2020 ஊரடங்கில் தெரிந்தது. இந்த பீருக்கு ஆயுள் குறைவு. தொட்டி நிறைய இருக்கிறது, வாசல் மூடியிருக்கிறது. கடைசியில் வீட்டுக்கு எடுத்துப்போக, இரண்டு லிட்டர்வரை குடுவையில் விற்கலாம் என்று கர்நாடக அரசு தற்காலிகமாகத் தளர்த்தியது. கடை அலமாரிக்குப் போக நினைத்தவர்கள் வேறு வழி தேடினார்கள். ஆர்பர்காரர்கள் கோவாவில் வடித்து டின்னில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். அந்தப் பக்கம் கிங்ஃபிஷரை வைத்திருக்கும் யுனைடெட் புரூவரீஸ் 2021ல் ஹைனகன் கையில் போய்ச் சேர்ந்தது.

பழைய பப்பில் மாணவனும் ஃபிட்டரும் பாங்கு கிளார்க்கும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். இன்றைய இடங்களில் விளக்கு, மரங்கள், சிறு குளம், கார் நிறுத்த ஆள் எல்லாம் இருக்கிறது. அந்த மூன்று பேரில் இரண்டு பேர் இல்லை. ஒரு கிளாஸ் விலையில் ஒயின் ஷாப்பில் ஒரு பெரிய பாட்டில் வாங்கி மிச்சம் கையில் இருக்கும். வாடகை, இறக்குமதி மால்ட், உரிமக் கட்டணம், வரி என்று அவர்கள் சொல்லும் காரணம் எல்லாம் சரிதான். சரியான காரணத்தாலும் ஆள் வெளியேறத்தான் செய்கிறார்கள். சனிக்கிழமை ஓசூரிலிருந்து பைக்கில் வரும் பையன்கள் ஒரு பலகையை வாங்கி நான்கு பேராகப் பிரித்துக் குடித்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புவதைப் பார்க்கலாம்.

அந்தக் கோதுமை பீர் சித்தப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. பேர் கூட ஞாபகம் வைத்திருக்கிறார், தெரியாதவர்களுக்குக் கிராம்பு பற்றி விளக்கமும் சொல்கிறார். தனியாகக் கிளம்பினால் மட்டும் இன்னமும் பழைய ஒயின் ஷாப். மகன் பில் கட்டுகிற நாளில் இந்திராநகர்.