பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு நூல்களில் வரலாறும் மொழியும்

சதுரங்கம் ஆடுவோன் அரசனையும் யானையையும் நகர்த்துவானேயன்றி, அரசனாக நின்று தானே பேசுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தோன்றிய ஒருவகை மேசை விளையாட்டு இதனின் வேறுபட்டது. நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சூழ்ந்திருப்பர். ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்று, அம்மாந்தராகவே பேசியும் செயல்களைக் கூறியும் ஒரு கதையை வளர்த்துச் செல்வர். நடுவராய் இருப்பவர் கதை நிகழும் உலகையும் ஏனை மாந்தரையும் விரித்துரைப்பர். ஐயத்துக்கு இடமான செயல்களின் முடிவைப் பகடை காட்டும். 1974ஆம் ஆண்டில் அமெரிக்கரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவரின் ஆக்கமாக வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பதே விற்பனைக்கு வந்த இவ்வகை விளையாட்டுக்களுள் முதலாவதாகும்.

இவ்விளையாட்டுக்கு விதிநூல் மாத்திரம் போதாது. கதை நிகழும் நாடு, காலம், மக்களின் உடை, படைக்கலம், சமயம், மொழி ஆகியவற்றைத் தொகுத்துரைக்கும் துணைநூல்களும் வேண்டப்படும். 1986இல் வெளிவந்த ‘கர்ப்ஸ்’ என்னும் விதிமுறைக்குச் சீனம், யப்பான், உரோம் முதலிய நாடுகளைப் பற்றித் தனித்தனி நூல்கள் எழுந்தமை இதற்குச் சான்று. இத்தகைய நூல்கள் முற்றும் கற்பனையுமல்ல, முற்றும் வரலாறுமல்ல. ஆகவே, அவற்றில் வரும் செய்திகள் எவ்வளவு செம்மையாக இருத்தல் வேண்டும் என்னும் வினா எழுகின்றது.

நாவலில் நேரும் பிழைக்கும் விளையாட்டு நூலில் நேரும் பிழைக்கும் ஒரு வேற்றுமை உண்டு. நாவலிலுள்ள பிழை படிக்கப்படுகின்றது. விளையாட்டு நூலிலுள்ள பிழையோ பயிலப்படுகின்றது. அஃது எண்ணாக மாற்றப்பட்டு, அட்டவணையில் ஏறி, விதியாகிவிடுகின்றது. விதியை ஆடுவோர் ஐயுறுவதில்லை. பாடநூலில் ஒரு நாட்டின் பெயரைக் காணுமுன்னரே விளையாட்டில் அந்நாட்டைக் ‘கண்டுவிட்ட’ இளைஞனுக்கு, பின்னர் கற்கும் உண்மையே புதுமையாகத் தோன்றும்.

கவசங்களை முதலில் நோக்குவோர்க்கு இவ்வுண்மை புலனாகும். 1978இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டக்காரர் கைந்நூலில் ஆணி பதித்த தோற்கவசம், பட்டைக் கவசம் என்பன கூறப்பட்டுள்ளன. ஐரோப்பிய இடைக்காலப் போர்வீரரின் கவசங்களை ஆராய்ந்தோர் இவற்றுக்குத் தக்க சான்று காணவில்லை. 1824இல் கவச வரலாறு எழுதிய சாமுவேல் ரஷ் மேரிக் என்னும் ஆங்கில அறிஞர், பழைய ஓவியங்களிலும் முத்திரைகளிலும் வளையக் கவசம் பலவாறு தீட்டப்பட்டிருத்தலைக் கண்டு, அவற்றை வெவ்வேறு கவச வகைகளெனப் பிரித்தார். வளையங்களை வரைந்து காட்டுதற்கு ஓவியர் கையாண்ட வெவ்வேறு முறைகளே அவையெனப் பின்வந்தோர் விளக்கினர். ஆணி பதித்த கவசமும் இத்தகையதே. துணிக்கோ தோலுக்கோ உட்புறத்தில் இரும்புத் தகடுகளை வைத்து இறுக்கிய கவசம் ஒன்று மெய்யாகவே இருந்தது. அதன் வெளியே தோன்றுவன ஆணித் தலைகள் மாத்திரமே. ஆணியைக் கண்டவர் உள்ளிருந்த தகட்டைக் காணவில்லை. அறிஞர் திருத்திக்கொண்ட பின்னரும் விளையாட்டு நூல்கள் பழைய பாகுபாட்டை விட்டபாடில்லை. 2024ஆம் ஆண்டுப் பதிப்பிலும் ஆணி பதித்த தோற்கவசம் இடம்பெற்றுள்ளது.

கவசம் பற்றிய பிழை எவர் மனத்தையும் புண்படுத்தாது. ஆனால் வாழும் மக்களின் இதிகாசத்திலிருந்தும் வழிபாட்டிலிருந்தும் பொருள் எடுக்கும்போது பொறுப்பு மிகுகின்றது. 1977இல் வெளிவந்த ‘மொன்ஸ்டர் மனுவல்’ என்னும் தொகுதியில் இராட்சதர் புலித்தலையும் செல்வர்க்குரிய உடையும் உடையராய், புகைக்குழாய் பிடித்தவராய்ச் சித்திரிக்கப்பட்டனர். மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் அவர்கள் மடிவர் என்பதும் விதியாயிற்று. வான்மீகி இராமாயணத்தில் இத்தகைய அம்பு இல்லை. 1974இல் ஒளிபரப்பாகிய ‘கோல்ச்சாக்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் கதையொன்றிலே அது காணப்படுகின்றது; விளையாட்டிற்கு மூலம் அதுவே என்று கருதப்படுகின்றது.

சுந்தர காண்டத்தில் அசோகவனத்துக் காவல் அரக்கியர் பலவகை விலங்கு முகத்தினராக வருணிக்கப்படுகின்றனர்; அவற்றுள் புலிமுகமும் ஒன்று. எனினும் அதுவே அவ்வினத்தின் பொது இலக்கணம் அன்று. வேண்டிய வடிவெடுக்கும் ஆற்றலே அவர்க்குச் சிறப்பாகக் கூறப்பட்டது. மாரீசன் பொன்மானாகியது அதனாலேயாம். மாயத் தோற்றத்தால் ஏமாற்றும் இயல்பை விளையாட்டு நூல் தக்கவாறு பேணிக்கொண்டது. ஆனால் இனம் முழுவதையும் தீயது என வகுத்தமையால், தமையனை இடித்துரைத்து அறத்தின் பக்கம் நின்ற வீடணனுக்கு அதில் இடமில்லாது போயிற்று. இதிகாசத்தின் உயிர்நிலை, பிறப்பினும் தெரிவு பெரிது என்பதில் உள்ளது. அட்டவணை அதனை விழுங்கிவிட்டது. 1980இல் வெளிவந்த மற்றொரு நூலிலே திருமால், இந்திரன், காளி முதலிய தெய்வங்கள், வழிபாடொழிந்த பண்டை நாடுகளின் தெய்வங்களோடு ஒருங்கு வைக்கப்பட்டு, எத்துணை அடி பட்டால் வீழ்வர் என்னும் எண்ணும் கொடுக்கப்பட்டனர். நாள்தோறும் விளக்கேற்றி வழிபடும் மக்கள் அதனை எவ்வாறு படிப்பர் என்பது எண்ணப்பட்டதாகத் தெரியவில்லை.

மொழியைப் பற்றிய செம்மைக்கு நல்லதோர் உதாரணமும் உண்டு. 1987இல் ஜொனதன் ட்வீட், மார்க் ரைன்-ஹேகன் என்போர் ஆக்கிய ‘ஆர்ஸ் மாஜிகா’ என்னும் விளையாட்டு, 1220ஆம் ஆண்டையொட்டிய ஐரோப்பாவிலே நிகழ்வது. அதிலே மந்திரங்கள் இலத்தீன் மொழிச் சொற்களால் அமைகின்றன. வினைகள் ஐந்து, பெயர்கள் பத்து, இவை இணைந்து ஐம்பது சேர்க்கைகளைத் தரும். வினைகள் தன்மை ஒருமையிலும் பெயர்கள் இரண்டாம் வேற்றுமையிலும் நிற்றலால், ‘கிரெயோ இக்னெம்’ என்பது ‘தீயைப் படைக்கிறேன்’ என முழு வாக்கியமாகின்றது. ஆனால் தொடக்கப் பதிப்புக்களில் ‘உடலை’ என்னும் பொருளில் ‘கொர்ப்போரெம்’ என்று அச்சிட்டிருந்தனர். இஃது இலக்கண வழு. வடமொழியில் ‘வனம்’, ‘மனஸ்’ முதலிய நபுஞ்சகலிங்கச் சொற்கள் எழுவாயாயினும் செயப்படுபொருளாயினும் ஒருமையில் உருவம் மாறாதிருத்தல் போல, இலத்தீனிலும் ‘கொர்ப்புஸ்’ என்னும் சொல் ஈரிடத்தும் அவ்வாறே நிற்கும். 2004இல் வந்த ஐந்தாம் பதிப்பு ‘கொர்ப்புஸ்’ எனத் திருத்திக்கொண்டது.

ஓரெழுத்து ஈரெழுத்துத் திருத்தத்தால் என்ன பயன் எனலாம். அவ்விளையாட்டின் மந்திரவாதிகள் இலத்தீனையே தம் கல்விமொழியாகக் கொண்டவர்கள். அவர்கள் அதனைப் பிழைபடப் பேசுதல் கதைக்கே முரணாகும். திருத்தியதனால் விதியொன்றும் கெடவில்லை. விளையாட்டின் சுவையும் குன்றவில்லை. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கித் திருந்திய பாடத்தைக் கொள்ளும் பதிப்பாசிரியரின் நேர்மை இங்கும் காணப்படுகின்றது.

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். தேவதைகளும் பேய்களும் உலாவும் விளையாட்டிலே வரலாற்றுச் செம்மை யாது? ‘ஆர்ஸ் மாஜிகா’வே இதற்கு விடை தருகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டு மக்கள் உண்டென நம்பிய வானவரும் அலகைகளும் அவ்வுலகில் மெய்யாகவே உள்ளனர். நிகழ்ந்தது எது என்பதற்கன்றி, நம்பப்பட்டது எது என்பதற்கு அந்நூல் உண்மையாய் நிற்க முயல்கின்றது. அதுவும் வரலாற்றறிவே. ஆதலால் துணைநூல் எழுதுவோர் மூன்றனைப் பிரித்துணர்தல் வேண்டும்: நிகழ்ந்தது ஒன்று, மக்கள் நம்பியது ஒன்று, ஆசிரியர் புனைந்தது ஒன்று. மூன்றும் நூலில் இடம்பெறலாம். ஒன்று மற்றொன்றின் பெயரைச் சூடி வருதலே குற்றம்.

புலித்தலை அரக்கனைப் புனைந்தது தவறன்று. அவனை இந்திய நாட்டு இராட்சதன் எனப் பெயரிட்டு, புனைவு இதுவெனச் சுட்டாது விட்டதே தவறு. புனைந்த பொருளுக்குப் புதுப்பெயர் இடலாம். பிறர் பெயரைக் கொள்ளின் அவர் பொருளையும் அறிந்து கொள்ளல் வேண்டும். விளையாட்டு முடிந்து பகடையைப் பெட்டியில் இட்டபின்னும், ஆடியவர் உள்ளத்தில் அந்த நாடும் அந்த மக்களும் பற்றிய எண்ணம் எஞ்சி நிற்கும். அவ்வெண்ணம் மெய்யாயிருத்தல் வேண்டும்.