வந்தியத்தேவன் கெடுவுக்குள் வந்து சேர...

நம் சங்கத்தின் பொங்கல் மலருக்கு வரும் கதைகளை முதலில் பிரித்துப் படிக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் உள்ளது. பிள்ளைகள் அனுப்புகிறவற்றில் பல, 'பொன்னியின் செல்வன்' கதையின் தொடர்ச்சிதான். 2022-லும் 2023-லும் திரைப்படங்கள் வந்தபின் இது இன்னும் கூடிவிட்டது. ஒரு நூலின் பாத்திரங்களை வைத்து வாசகரே மேற்கொண்டு கதை எழுதுவதை 'ரசிகர் புனைவு' என்கிறார்கள். பெயர்தான் புதிது. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் கல்கியின் கதையைத் தொடர்ந்தது நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கல்கியின் நூல்களைத் தமிழக அரசு 1999-ல் நாட்டுடைமை ஆக்கிவிட்டதால் அனுமதி பற்றிய கவலையும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். ஏரிக்கரை, குதிரை, ஆடிப்பெருக்கு என்று நான்கு பக்கம் அமர்க்களமாகப் போகும், பிறகு நின்றுவிடும். கெடு தாண்டிவிடும். கேட்டால், "தமிழ் சரியா வரல மாமா" என்பார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் என்று வளரும் இவர்களில் பலருக்கு, தமிழில் எழுதும் முதல் நீண்ட எழுத்து இதுதான். அது பாதியில் நின்றால் இரண்டாவது வருவதேயில்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆகவே முதல் படியை, அதாவது 'ரஃப்'பை, முடிக்கும் வழியைப் பெற்றோர்களுக்குச் சொல்கிறேன்.

கதை சிறியதாக இருக்கட்டும். சோழர் வரலாறு முழுவதும் வேண்டாம். கல்கி விட்டுச் சென்ற ஓர் இடைவெளி போதும். அவர் கதை உத்தம சோழர் முடிசூடுவதோடு நிற்கிறது. ராஜராஜன் அரியணை ஏறியது 985-ல். இடைப்பட்ட ஆண்டுகளில் நம் பக்கத்திலேயே என்ன நடந்தது தெரியுமா? 980களின் தொடக்கத்தில் கங்கர்களின் அமைச்சர் சாமுண்டராயர் சிரவணபெளகொளாவில் கோமடேசுவரர் சிலையை எழுப்பினார். அதைச் செய்வித்தவர் அவரே என்ற வரி சிலையின் அடியில் கன்னடத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. உளி ஓசைக்கு நடுவே வந்தியத்தேவன் மாறுவேடத்தில் வந்து நின்றால் எப்படி இருக்கும்! கங்க வீரன் கன்னடம் பேசட்டும். சென்னைப் பிள்ளைக்கு எளிதில் வராதது நம் பிள்ளைக்குத் தானாக வரும். இன்னும் பின்னால் போக விரும்பினால், 1004 வாக்கில் சோழர் வசமாகி ராஜராஜபுரம் ஆன தலக்காடு இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரலாம்.

இடம் கிடைத்ததும் கடைசிக் காட்சியை முதலில் எழுதிவிட வேண்டும். போக வேண்டிய ஊர் தெரிந்தால் வழியில் உட்கார்ந்துவிட மாட்டார்கள். பிறகு நாளுக்கு ஒரு பக்கம். எழுதியதைத் திரும்பிப் படிக்கக் கூடாது. ஆண்டோ பெயரோ தெரியாவிட்டால் ஒரு வட்டம் போட்டுவிட்டு மேலே போகட்டும். ஒரு பையன் கங்கர் நாணயத்தின் பெயரைத் தேடியே இரண்டு வாரத்தைக் கழித்தான். கதையில் யாரும் எதுவும் வாங்கவில்லை! தமிழ்ச் சொல் வராத இடத்தில் கன்னடச் சொல்லைக் கன்னட எழுத்திலேயே எழுதினாலும் சரிதான். இந்த நிலையில் அப்பாவும் அம்மாவும் ற, ர, ண, ன என்று சிவப்பு மை எடுத்து வராமல் இருந்தால் பெரிய உதவி. கெடுவுக்கு முன் நான்கு நாள் ஒதுக்கிவைத்தால் அதெல்லாம் அப்போது ஆகும். பாட்டி வீட்டில் இருந்தால் அவர்களிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தட்டுகிறது என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

கல்கிக்கும் வாராவாரம் கெடு இருந்தது. 1950 முதல் 1954 வரை அந்தத் தொடர் அப்படித்தான் ஓடியது. முடிந்த பிறகும் இன்னார் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்க, முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். அடுத்து எழுதிய 'அமரதாரா' நடந்துகொண்டிருக்கும்போதே, 1954 டிசம்பர் 5 அன்று மறைந்துவிட்டார். அவர் வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதை முடித்தார். ஒழுங்கற்ற குறிப்பானாலும் தாளில் இருந்தால் இன்னொருவர் கை கொடுக்க முடிகிறது. மனத்திலேயே இருக்கும் கதைக்கு நான் என்ன செய்ய முடியும்?

ஆகவே வட்டங்களோடும் கன்னட எழுத்தோடும் இருந்தாலும் பரவாயில்லை, முடிவு வரை எழுதியதைக் கொடுத்தனுப்புங்கள். கன்னடச் சொற்களுக்கு அடியில் மட்டும் ஒரு கோடு போட்டுவிட்டால், பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.